பகலில் ஏர்கான் ஓடாத வீட்டுக்கு சோலார் கட்டுப்படியாகுமா?

கோவன்கயல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கோவன் பக்கம் ஒரு டெரஸ் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தரைவீடு) இருக்கிறோம். மாமனார் 1986ல் வாங்கியது. கூரை அன்று வேய்ந்த அதே சுட்ட ஓடு. ஒரு சரிவு கிழக்கே, இன்னொன்று மேற்கே.

நானும் கணவரும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஏழாகிவிடும். பிள்ளைகள் பள்ளி, அப்புறம் துணைப்பாடம். பகலில் மாமனார் மட்டும்தான். அவருக்கு ஏர்கான் ஒத்துக்கொள்ளாது, மின்விசிறியோடு சரி. ஆனால் இரவில் மூன்று ஏர்கான், வாட்டர் ஹீட்டர், துணி உலர்த்தி எல்லாம் ஓடும். மாதம் 980 யூனிட் வருகிறது, பில் 295 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சுற்றி.

போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு 26 தகடு, மொத்தம் 11.7 கிலோவாட், கூடவே 10 யூனிட் பேட்டரி, எல்லாம் சேர்த்து 31,500 வெள்ளி என்று விலை கொடுத்திருக்கிறார்கள். "நீங்கள் இரவில்தான் கரண்ட் செலவழிக்கிறீர்கள், பேட்டரி இல்லாமல் போட்டால் பகல் மின்சாரம் எல்லாம் வீண்" என்றார் வந்தவர். ஐந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், பில் பூஜ்யம் ஆகிவிடும் என்றும் சொன்னார். இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் 1,500 வெள்ளி கழிவாம்.

கணவருக்கு ஆசை. மாமனாருக்கு ஓட்டின் மேல் ஆள் ஏறுவதே பிடிக்கவில்லை. எனக்குக் கணக்கு புரியவில்லை. பெரியவள் தொடக்கக்கல்லூரி முடித்ததும், ஆறேழு வருடத்தில், இந்த வீட்டை விற்றுவிட்டு சின்னதாகப் போகலாமா என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

*

சிலேத்தார்க்காரர் எழுதியது:

கயல், முதலில் அந்த 1,500 வெள்ளிக் கழிவை மறந்துவிடுங்கள். சூரியன் அடுத்த வாரமும் வரும்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்பிரிவில் 31 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்றதும் 2022 மார்ச்சில் எங்கள் டெரஸ் வீட்டுக்கு சோலார் போட்டேன். 450 வாட் தகடு 24, மொத்தம் 10.8 கிலோவாட், பேட்டரி இல்லாமல் எல்லாம் சேர்த்து 19,500 வெள்ளி. அன்றிலிருந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு அன்றைய உற்பத்தியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். கைப்பேசிச் செயலியில் எல்லாம் இருக்கிறதுதான். கையால் எழுதினால்தான் எனக்கு ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் மனதில் நிற்கிறது.

முதல் வருடம் 12,300 யூனிட் வந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் சராசரி 1,025. மார்ச்சில் 1,120 வரை போனது, டிசம்பர் மழையில் 780க்கு இறங்கியது. எங்கள் வீட்டுச் செலவு மாதம் 950 யூனிட். பகலில் நானும் மனைவியும் வீட்டில் இருப்பதால் உற்பத்தியில் 410 யூனிட் போல நேரடியாக நாங்களே செலவழித்துவிடுகிறோம். மீதி 615 யூனிட் வெளியே, மின்கட்டமைப்புக்குப் போகிறது.

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். வெளியே போகும் அந்த யூனிட் வீண் இல்லை. மின்விநியோகம் செய்யும் எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணத்தில் இருக்கும் வீடுகளுக்கு, ஏற்றுமதியாகும் மின்சாரத்துக்கு அந்தக் கட்டணத்திலிருந்து மின்கம்பிக்கான கட்டணத்தைக் கழித்துவிட்டு மீதியை பில்லில் வரவு வைக்கிறார்கள். என் பில்லில் பார்த்தால், வாங்கும் யூனிட்டுக்கு பொருள் சேவை வரியோடு 30 காசு போல, விற்கும் யூனிட்டுக்கு 20 காசு போல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் மாறும்போது இரண்டும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆக என் கணக்கு: 410 யூனிட்டை முப்பது காசுக்கு வாங்காமல் தப்பித்தது 123 வெள்ளி, 615 யூனிட்டை இருபது காசுக்கு விற்றது 123 வெள்ளி. 285 வெள்ளி வந்த பில் 40க்குக் கிட்டே வந்துவிட்டது.

இனி உங்கள் பேட்டரியைப் பாருங்கள். பகலில் இருபது காசுக்கு விற்கக்கூடிய ஒரு யூனிட்டை விற்காமல் பேட்டரியில் பிடித்து வைத்து, இரவில் முப்பது காசு யூனிட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறீர்கள். லாபம் பத்துக் காசு. 10 யூனிட் பேட்டரியை தினமும் முழுதாக நிரப்பி முழுதாகக் காலி செய்தாலும் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. வருடம் 365 வெள்ளி. ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் இழப்பும் உண்டு, அதையும் விட்டுவிடுங்கள். அந்தப் பேட்டரிக்குத் தனியாக என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 10,000 வெள்ளிக்கு மேல் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் அதன் பணம் திரும்ப 27 வருடம் வேண்டும், அதற்குள் பேட்டரியே போய்விடும்.

பேட்டரிக்கு நான் எதிரி இல்லை. விற்கும் விலை ஐந்து காசு, வாங்கும் விலை நாற்பது காசு என்று இருக்கும் நாட்டில் நானே போடுவேன். இங்கே கணக்கு அப்படி இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விற்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உங்களைப் போல் இரவில் செலவழிக்கும் குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள்.

பேட்டரி இல்லாமல் உங்கள் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு: 11.7 கிலோவாட் கூரை வருடம் 13,300 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஐந்தில் ஒரு பங்குதான் நீங்கள் செலவழிக்கிறீர்கள் என்றாலும், அதில் 800 வெள்ளி மிச்சம், மீதியை விற்பதில் 2,100 வெள்ளிக்கு மேல். கூட்டினால் வருடம் 2,900 வெள்ளி. பேட்டரியைக் கழித்து விலை 21,000 என்று வந்தால் ஏழு வருடம் கொஞ்சம் மேல். பேட்டரியோடு 31,500 என்றால் ஒன்பதரை வருடம் தாண்டும். ஐந்து வருடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பில்லும் பூஜ்யம் ஆகாது, மாதம் ஐம்பது வெள்ளி மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. மின்சந்தையைத் திறந்துவிட்டபோது சலுகை விலைக்கு வேறு விற்பனையாளரிடம் மாறினீர்களா? மாறியிருந்தால் ஏற்றுமதிக்கு வேறு முறை, அரைமணிக்கு ஒருமுறை மாறும் மொத்தச் சந்தை விலைதான் கிடைக்கும். மேலே சொன்ன இருபது காசு அப்போது நிச்சயம் இல்லை. உங்கள் பில்லின் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

கிழக்கு மேற்குச் சரிவு பற்றிக் கவலையே வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது, ஜூனில் கொஞ்சம் வடக்கே, டிசம்பரில் கொஞ்சம் தெற்கே. கிழக்குச் சரிவு காலையில் சீக்கிரம் எழும், மேற்குச் சரிவு மாலை ஆறு வரை இழுக்கும். தட்டையாக மட்டும் வைக்கக்கூடாது. பத்துப் பதினைந்து டிகிரி சாய்வு இருந்தால் மழையே கழுவிவிடும்.

அப்புறம் உச்ச உற்பத்தி பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒரு மணிக்கு. 1982ல் நம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள் அல்லவா, அதனால் நமக்கு உச்சி வெயில் ஒரு மணியை ஒட்டித்தான். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு நேரம் குறித்து வைத்துவிட்டுப் போவதென்றால் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் ஓடும்படி வையுங்கள். உலர்த்தியையும் மாமனார் பகலிலேயே தட்டிவிட்டால் இன்னும் நல்லது.

உங்கள் மாமனார் சொல்வது சரி. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். என் கூரையும் ஓடுதான். தகடு பொருத்த வந்தவர்களில் ஒரு பையன் ஓட்டின் நடுவில் கால் வைத்துவிட்டான். மூன்று ஓடு விரிசல். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, அதன் மேலேயே தகட்டை வைத்து மூடியும்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து, நவம்பர் மழையில், மேல் அறைக் கூரைப்பலகையில் ஒரு தட்டு அளவுக்கு மஞ்சள் கறை. தகட்டைக் கழற்றி, ஓட்டை மாற்றி, திரும்பப் பூட்ட அந்த நிறுவனம் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. வேலை தொடங்குவதற்கு முன் கூரையை நான் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் கடைசியில் செய்து கொடுத்தார்கள். உங்கள் ஓட்டுக்கு நாற்பது வயது. அதற்குக் கீழே விரித்திருக்கும் ஈரத்தடுப்பு விரிப்புக்கும் அதே வயது. சோலார்க்காரர் பார்த்தது போதாது. சோலாரில் எந்த லாபமும் இல்லாத ஒரு கூரை வேலைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, காசு கொடுத்து, ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். கூரையை மாற்ற வேண்டும் என்றால் இப்போதே மாற்றுங்கள். தகடு ஏறிய பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

இரண்டாவது, பக்கத்து வீடு. என் மேற்குப் பக்க அண்டை வீட்டை 2024ல் ஒருவர் வாங்கி இடித்து மூன்று மாடி எழுப்பினார். அவர் உரிமை, தவறே இல்லை. ஆனால் மதியம் மூன்றரைக்கு மேல் என் ஆறு தகட்டின் மேல் அவர் சுவரின் நிழல். ஒரே வரிசையில் தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றில் நிழல் விழுந்தால் வரிசை முழுவதற்குமே உற்பத்தி குறையலாம். வருடம் 12,300 இருந்தது 11,100 ஆகிவிட்டது. பிறகு அந்த ஆறு தகட்டுக்கும் தனித்தனியே கட்டுப்படுத்தும் சின்னக் கருவி போட்டு ஓரளவு மீட்டேன். உங்கள் இரண்டு பக்கமும் பழைய வீடா, புதிதாகக் கட்டியதா? பழையது என்றால் முதலிலேயே ஒவ்வொரு தகட்டுக்கும் தனியாக ஒரு சிறு இன்வெர்ட்டர் (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) வைக்கும் முறைக்கு விலை கேளுங்கள்.

விற்பது பற்றி ஒரே ஒரு வார்த்தை. 1986 டெரஸ் வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் இடித்துக் கட்டத்தான் வாங்குவார். உங்கள் தகட்டுக்கு அவர் ஒரு வெள்ளிகூடச் சேர்த்துத் தர மாட்டார். ஏழு வருடத்தில் நிச்சயம் விற்பீர்கள் என்றால் போட்ட பணம் அப்போதுதான் திரும்பியிருக்கும். அதனால் அந்தப் பேச்சை முதலில் வீட்டில் முடியுங்கள்.

*

பொங்கோல்17வதுமாடி எழுதியது:

கயல் அக்கா கேள்விக்கு நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நாங்கள் வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி) இருக்கிறோம். எங்கள் புளோக் மொட்டைமாடி முழுக்கத் தகடு. ஆனால் என் பில்லில் ஒரு காசு குறையவில்லை. அந்த மின்சாரம் யாருக்குப் போகிறது? தாழ்வாரக் கம்பியில் ஒரு தகட்டை நானே மாட்டிக்கொண்டால் என்ன?

*

சிலேத்தார்க்காரர் எழுதியது:

தம்பி, கம்பியில் மட்டும் மாட்டாதே. பதினேழாவது மாடி. காற்றில் ஒன்று கழன்று விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர்.

மொட்டைமாடித் தகட்டு மின்சாரம் பகலில் உங்கள் மின்தூக்கிக்கும், தாழ்வார விளக்குக்கும், தண்ணீர் ஏற்றும் பம்புக்கும் போகிறது. மீதி இருந்தால் மின்கட்டமைப்புக்கு. 2008ல் செராங்கூன் நார்த்திலும் எங்கள் பக்கம் வெலிங்டன் சர்க்கிளிலும் சோதனையாகத் தொடங்கினார்கள், வேலைக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். 2014ல் அரசின் சோலார்நோவா என்ற கூரைத்தகட்டுத் திட்டம் வந்த பிறகுதான் புளோக் புளோக்காக ஏறியது. தகடு அதைப் பொருத்திய நிறுவனத்துக்குச் சொந்தம், பராமரிப்பும் அவர்களுடையது. புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றம் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. உனக்குக் கிடைக்கும் பலன் பில்லில் இல்லை, நகர மன்றத்தின் மின்செலவில்.

இன்னொன்றும் யோசித்துப் பார். ஒரு புளோக்கில் நூறு வீடு என்றால் ஒரு வீட்டுக்கு அந்தக் கூரையில் இரண்டு மூன்று தகடு இடம்கூட வராது. எங்களைப் போல் தரைவீட்டில் இருப்பவர்களுக்குக் கூரை தனியாகக் கிடைத்திருப்பது பெரிய கொடுப்பினை. இடம் இல்லாத நாடு என்பதால்தானே தெங்கே நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மேலேயே 1,22,000 தகடு மிதக்க விட்டிருக்கிறார்கள். 2021ல் திறந்தார்கள், 60 மெகாவாட்.

*

தஞ்சைப்பையன் எழுதியது:

ஐயா சொன்ன பேட்டரிக் கணக்கை இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

ஊரில் அப்பா வீட்டுக்குப் போன வருடம் 3 கிலோவாட் போட்டோம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். அங்கே வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அப்பாவின் பில் முன்பே சின்னதுதான், ஆகவே பணம் திரும்ப நாளாகும். ஆனால் அவர் வருத்தம் வேறு. வெயில் கொளுத்தும்போது கரண்ட் போனால் சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. "மேல இவ்வளவு தகடு இருந்து ஃபேன் ஓடலையேப்பா" என்று போனில் கேட்கிறார். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் மேல் மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் அது தானாக நிற்கிறது என்று சொன்னேன். அவருக்கு ஒப்பவில்லை.

கயல் அக்கா, இங்கேயும் பேட்டரி இல்லாத சோலார் அப்படித்தான், மின்தடை வந்தால் நிற்கும். ஆனால் இங்கே எத்தனை முறை கரண்ட் போகிறது? எனக்கு நினைவிருப்பது 2018 செப்டம்பரில் ஒரு நள்ளிரவு. அதற்காகப் பத்தாயிரம் வெள்ளியா?

*

கோவன்கயல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். ஓடு விரிசல் விட்ட இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

பேட்டரி விலையைத் தனியாகக் கேட்டேன். 10,800 என்று எழுதி அனுப்பினார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்றதும் ஐந்து வருடக் கணக்கு எப்படி என்று அவர்களால் காட்ட முடியவில்லை. வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம். பில்லில் பெயர் எஸ்பி குழுமம்தான். நாங்கள் மாறவே இல்லை.

கூரைக்காரர் சனிக்கிழமை வந்து ஏறினார். கிழக்குச் சரிவு பரவாயில்லையாம். மேற்குச் சரிவில் விரிப்பு பல இடத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது, ஓட்டை எடுத்துப் புது விரிப்பு போட்டு அதே ஓட்டைத் திரும்ப வேய 6,000 வெள்ளி ஆகும் என்கிறார். சோலார் போட்டாலும் போடாவிட்டாலும் செய்யத்தான் வேண்டுமாம். இடது பக்க வீடு இரண்டு வருடத்துக்கு முன் கட்டியது. வலது பக்கம், அதாவது மேற்கே, ஒரு வயதான சீனத் தம்பதி, நாற்பது வருடமாக அப்படியே இருக்கும் வீடு.

விற்பது பற்றியும் பேசினோம். மாமனார் "நான் இருக்கும் வரை இந்த வீடு" என்று சொல்லிவிட்டார். இதுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கணவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் சரி என்றார்.

இப்போது ஒரு யோசனை. கிழக்குச் சரிவில் மட்டும் முதலில் 13 தகடு போட்டுவிட்டு, மேற்கை அடுத்த வருடம் சரிசெய்த பிறகு பார்க்கலாமா?

*

சிலேத்தார்க்காரர் எழுதியது:

பாதி பாதியாக வேண்டாம் கயல். சாரம் கட்டுவது, இன்வெர்ட்டர், உரிமம் பெற்ற மின்பணியாளரின் கட்டணம், மீட்டர் மாற்றும் விண்ணப்பம், இதெல்லாம் 13 தகட்டுக்கும் 26 தகட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு தடவை சாரம் கட்டினால் அந்தப் பணமே பத்துத் தகட்டு விலை. கூரைக்காரருக்கும் சாரம் வேண்டும், சோலார்க்காரருக்கும் வேண்டும். இருவரையும் ஒரே மாதத்தில் வரச் சொல்லி, ஒரே சாரத்தில் வேலையை முடிக்கப் பேசிப் பாருங்கள். நவம்பர் மழைக்கு முன் முடியட்டும், ஓட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மழையில் மாட்டக்கூடாது.

மேற்கு வீடு பழையது என்பதால் மேற்குச் சரிவுக்குத் தகட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர், கிழக்குக்குச் சாதாரண முறை என்று பிரித்துக் கேளுங்கள். தகட்டைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பதையும் விலையில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அடிக்காமல் விட்டு மைனாவும் புறாவும் கீழே கூடு வைத்து, எச்சம் கழுவ ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. ஓட்டில் ஏறும்போது பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும், உடையும் ஓட்டுக்கு அவர்களே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும் இரண்டு நாளும் மாமனாரைக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அவரைவிட நன்றாக யாரும் அந்தக் கூரையைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கிழக்கு ஓட்டையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள், தேதியோடு.